துணைக்கால்

ஒன்பது மணிக்கு என் செல்போனில் அலாரம் அடிக்கும்.
"இன்னாக்கா, தெனமும் அடிக்குது?"
மேல்வீட்டுக்காரி கேட்டாள். சீரியல் என்றேன்.
எந்த சீரியல் என்று அவள் கேட்கவில்லை.
பதினோரு வருசமாக ஓடுகிறது,
ஒரு நாளும் விடக்கூடாது.

ஸ்டான்லியில் தருகிற டப்பா
பைக்குள் கிலுகிலுக்கும்.
நிறைந்திருக்கும்வரை சும்மா இருக்கும்,
மாத்திரை குறையக் குறையத்தான் அதற்கு வாய் நீளும்.
அதனால் பஞ்சு அடைப்பேன்.
லேபிளை ஊறவைத்து உரித்துவிடுவேன்.
இறால் உரிக்கிற கைக்கு அது ஒரு வேலையா.

காசிமேட்டில் மீன் வெட்டுகிறேன்.
சங்கரா முள் ஏறி ரத்தம் வந்த அன்று
பக்கத்துப் பலகை தேசம்மா
"கையக் குடுடி" என்று எட்டிப் பிடிக்க வந்தாள்.
திருடியவள்போல முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.
மறுநாள் என் பலகைமேல்
ஒரு ஜோடி ரப்பர் கையுறை, ஆரஞ்சு நிறத்தில்.
எனக்காகப் பயந்தாளா, தனக்காகவா?
கேட்கவில்லை. போட்டுக்கொள்கிறேன்.
வலது கை கொஞ்சம் தொளதொள.

கண்டெய்னர் ஓட்டியவனைத்
திட்டித் திட்டி ஒரு வருசம் போனது.
செத்தவனை எவ்வளவுதான் திட்டுவது.
பிறகு முட்டை வாங்க ஆரம்பித்தேன்,
தினம் ஒன்று, எனக்கே எனக்கு.
இருமல் வந்தால் சளியைக் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.
எடை பார்க்கும்போது செருப்பைக் கழற்றுவதில்லை.

போன வியாழன் ரிசல்ட்.
கவுன்சிலர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்:
"கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கம்மி."
"போயிடுச்சாம்மா?"
"போகலை, அடங்கியிருக்கு.
மாத்திரையை விட்டா எழுந்துக்கும்."

மெஷினுக்குத் தெரியாதது அண்ணிக்குத் தெரியும்.
ராயபுரத்தில் அண்ணன் வீட்டு ஜன்னலோரம்
மற்ற பாத்திரங்களோடு சேராமல்
தனியே கவிழ்ந்திருக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளர்.
என் கல்யாணத்துக்கு வந்த சீர்தான்.
பேர் வெட்டினவன் அவசரத்தில்
கடைசித் துணைக்காலை விட்டுவிட்டான்:
பிலோமின.
"நொண்டி பிலோமினா" என்று அன்றைக்கு
அண்ணன்தான் அதிகம் சிரித்தான்.

ஞாயிறு பூசை முடிந்து போயிருந்தேன்.
ராத்திரி தங்கச் சொல்வார்களோ என்று
டப்பாவையும் எடுத்துப் போயிருந்தேன்.
சொல்லவில்லை.
டீ அதில்தான் வந்தது. குடித்தேன்.
இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள், நல்ல டீ,
அதைச் சொல்லத்தான் வேண்டும்.
கழுவினேன். துடைத்தேன். பையில் போட்டேன்.

"அய்யே, அத எங்க எடுத்துகினு போற?"
"என் பேர்தான அண்ணி போட்டிருக்கு."
அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
ரிமோட்டை மட்டும்
ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

ஷேர் ஆட்டோவில் டம்ளரும் டப்பாவும் முட்டிக்கொண்டன.
அன்றைக்குப் பார்த்துப் பஞ்சை மறந்திருந்தேன்.
கல்மண்டபம் தாண்டிப் பள்ளத்துக்குப் பள்ளம் கிலுக் கிலுக்.
எதிரே டியூஷன் நோட்டோடு ஒரு பையன் நிமிர்ந்து பார்த்தான்.
பார்க்கட்டும் என்று இருந்தேன்
எனச் சொல்ல ஆசைதான். இல்லை.
பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டேன்,
தண்டையார்பேட்டை வரும்வரை.

ஒன்பது மணிக்கு அலாரம் அடித்தது.
அந்த டம்ளரில் தண்ணீர், ஒரு மாத்திரை, ஒரு மடக்கு.
பிறகு ஆணியும் அம்மிக் குழவியும் எடுத்துத்
தரையில் உட்கார்ந்து தட்டினேன்.
எவர்சில்வர் லேசில் இடம் கொடுக்காது.
மேலேயிருந்து, "இன்னாக்கா, இந்நேரத்துல?"
"பேர் வெட்றேன்" என்றேன்.
யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

கோணலாக விழுந்தது.
காலா, நண்டுக் கொடுக்கா என்றே தெரியவில்லை.
விரலால் தடவினால் சுருக்கென்கிறது.

விளக்கை அணைத்தேன்.
விடியுமுன் ஏலம்.
சங்கரா நிறைய வருமென்று
தேசம்மா சொல்லியிருந்தாள்.